மூன்று வீடு கட்டிவிட்டு லொட்ஜில் குடியிருந்த உதுமாலெப்பை காக்கா

உதுமாலெப்பை காக்கா மவுத்தாகிவிட்டார்... இன்று காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர், எழும்பவேயில்லை.

கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட என் லேடீஸ் டெய்லர் கடை இருக்கிற கட்டடம் தெரியும்தானே? அதன் மேல்மாடிதான் லொட்ஜ். மாத வாடகைக்குச் சின்னச் சின்ன அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குளியலறை, தனியாளாகிப்போன பத்துப் பதினைந்து ஆண்கள். காக்கா அவர்களில் ஒருவர். கொழும்பு பஸ் ஓட்டிய டிரைவர்.

எங்கள் முதல் அறிமுகமே சண்டையில்தான். மேலே பைப் ஒழுகி, தைத்து வைத்திருந்த ஒரு கல்யாண ப்ளவுஸ் நனைந்துவிட்டது. கொதித்துப்போய்ப் படியேறி, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தினேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல். "புள்ள, தலை முழுக்க சவுக்காரம். கண்ணும் எரியுது, காதும் கேக்கல்ல. ஏசுறதெண்டா கொஞ்சம் பொறுத்து ஏசுங்க."

என்ன செய்ய... சிரிப்பு வந்துவிட்டது. பின்னேரம் பைப்காரர் ஒருவரோடு அவரே கடை வாசலில் வந்து நின்றார்.

நிந்தவூரில் மகள் நல்லாத்தானே இருக்கிறாள், நீங்கள் ஏன் இங்கே என்று ஒருநாள் கேட்டேன்.

"மகள் தங்கமான புள்ள. மருமகனும் அப்பிடித்தான். ஆனா அது அவங்கட ஊடு. மருமகனுக்கு முன்னால சட்டையக் கழட்டிட்டு இரிக்க ஏலுமா? இந்த வெக்கையில?"

நம் பக்கத்து வழக்கம் தெரியாத நண்பர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணத்தோடு அவள் பெயருக்கு எழுதிவிடுவார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். காக்கா இரண்டு தங்கச்சிமாருக்கும் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொடுத்தார், பிறகு மகளுக்கும் கட்டிக்கொடுத்தார். மனைவி மவுத்தான பிறகு ஒரு பேக்கோடு லொட்ஜுக்கு வந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார். "பாவம்" என்று யாராவது சொன்னால்தான் அவருக்குக் கோபம் வரும். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல், ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு பிளேன்டீ குடிப்பார். வெள்ளிக்கிழமைகளில் மகள் சோறு கொண்டு வருவாள். பேரப்பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதிக்கிற குதியில் என் சீலிங் அதிரும்.

பிறகுதான் அந்தப் பிரச்சினை. லொட்ஜை மூட வேண்டுமாம். டவுனுக்கு நடுவில் இது என்ன அசிங்கம், நல்ல ஷோரூம் ஒன்று வரட்டும் என்று சில கடைக்காரர்கள் தொடங்கினார்கள்.

அவர்கள் சொன்னதில் சிலது உண்மைதான். கடை போர்டுகளுக்கு மேல் ஈரச் சாரன் தொங்கியது. சிகரெட் துண்டும் விழும். கட்டடச் சொந்தக்காரர் ஹாஜியாரோ, "எல்லாரும் ஒரே முடிவெண்டா மூடுறன்" என்றுவிட்டார்.

ஆனால் இன்னொன்றும் சொன்னார்கள். மேலே ஆண்கள் இருப்பதால் என் கடைக்கு வரப் பெண்களுக்குப் பயமாம்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரில் பயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கடைக்காரர் கூட்டத்துக்குப் போய், "எனக்குப் பயமெண்டா அந்த ஒழுகுற பைப்புக்குத்தான்" என்று சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லொட்ஜ் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். மூடினால் அவர்கள் போக இடமில்லை. காக்காவும் அவர்களில் ஒருவராக நின்றார்.

புடவைக்கடை முதலாளி ஒருவர் எழும்பினார். "சொந்தமா ஒரு ஊடு இல்லாத ஆக்களுக்கு டவுனுக்குள்ள என்ன வேலை?"

காக்கா கோபப்படவில்லை. "ஓம் முதலாளி, எனக்கு ஊடு இல்லதான். மூணு கட்டின, மூணையும் குடுத்திட்டன். உங்கட ஊடு இப்ப ஆர்ட பேரில இரிக்கு?"

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் மாப்பிள்ளையாக வந்த வீட்டில்தான் இருக்கிறார்.

"பொண்டாட்டிர பேரிலதான்!" என்று முதலாளிக்குப் பதிலாக யாரோ பின்னாலிருந்து கத்த, ஹால் முழுக்கச் சிரிப்பு. காக்காவின் பக்கத்து அறையில் இருந்த, திருக்கோவில் ஊர்த் தமிழ் அண்ணன், "எங்கட ஆக்களிலயும் இதே கதைதான்" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "என்ட மாப்பிள்ளையும் என்ட ஊட்டிலதான் இரிக்கார். எல்லாரும் பாத்துக் கதைங்க" என்று என் கணவரையும் இழுத்துவிட்டேன்.

கடைசியில் முதலாளியே சிரித்துவிட்டார், பாவம்.

"சாரன இனிப் பின்பக்கம் காயப் போடுங்க. பைப்ப நான் புதுசா போட்டுத் தாறன்" என்று சொல்லிவிட்டு ஹாஜியார் எழும்பிவிட்டார். லொட்ஜ் தப்பியது. இன்றைக்கும் அதைப் பற்றி டவுனில் இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள், அது வேறு கதை.

இன்று காலை மருமகன் வேனோடு வந்தார், ஜனாஸாவை நிந்தவூருக்குக் கொண்டுபோக. மகள் படிக்கட்டடியில் நின்று சொன்னாள்: "வேணாம். வாப்பாட ஊடு இதான். இங்க இருந்தே தூக்குங்க."

லொட்ஜ் படி ஒடுக்கம், ஜனாஸாவைத் தூக்குகிற சந்தூக்கு அதில் திரும்பாது. அதனால் அவரைக் கீழே என் கடைக்குள் கொண்டுவரச் சொன்னேன். மெஷின்களை ஓரமாக ஒதுக்கினோம். "பெண்களுக்கு மட்டும்" என்று எழுதின கதவால் ஆண்கள் வந்துகொண்டே இருந்தார்கள்...

ஜனாஸாவுக்குச் சுற்றுகிற கபன் துணியோடு முதலில் வந்தவர் அந்தப் புடவைக்கடை முதலாளி. அவர் அழுததைப் பார்த்துத்தான் எனக்கும் அழுகை வந்தது.

காக்கா... அல்லாஹ் உங்களுக்குச் சுவர்க்கத்தில் ஒரு வீடு தரட்டும்.

இந்த முறை உங்கட பேரிலேயே.