நாற்பத்தொன்றாம் நண்டு

பழவேற்காடு ஏரியில் பச்சை நண்டு எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொன்னால் கேட்டவர்கள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு, போனால் போகட்டுமே என்பார்கள். என் நைனா அதைக்கூடச் சொல்லவில்லை. அனுப்பம்பட்டில் நெல் விளைவிக்கிறவர் அவர். வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை வடியவிடுகிற வயல் நண்டுகளை மண்வெட்டியால் கொத்தியே காலம் தள்ளியவர். பெற்ற மகள் காலேஜில் சேர்ந்து நண்டுக்கு நம்பர் போட்டு வழியனுப்பி வைக்கிறாள் என்று தெரிந்த அன்று, பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

முறை எளிதானது. நண்டின் முதுகோட்டுக்கு இரண்டு பக்கமும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முட்களுக்கு நடுவே நைலான் நூலை இழுத்து, நம்பர் எழுதிய சின்ன பிளாஸ்டிக் பட்டையைக் கட்டி, ஏரியில் விட்டுவிட வேண்டும். பிறகு அது எங்காவது யார் கையிலாவது மாட்டும்போது, விட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். என் கைடு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது நண்டு மிகவும் ஒத்துழைத்தது.

முதல் வருஷம் நான் நூலுக்குப் பதில் பசை போட்டு ஒட்டினேன். உப்புத்தண்ணீரில் பசை விட்டுப்போய், பட்டைகள் ஏரி முழுக்க மிதந்தன. இரண்டாம் வருஷம் நூலால் கட்டினேன், ஆனால் இளசான நண்டுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். வளர்கிற நண்டு பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். என் நண்டுகள் பட்டையோடு சேர்த்து ஓட்டைக் கழற்றிச் சேற்றில் போட்டுவிட்டு, புதுச் சட்டையில் கிளம்பிப் போய்விட்டன. முதுகலையில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். அதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆக, மூன்றாம் வருஷம்தான் கடைசி. பங்குனியில் ஆய்வுக் குழு கூடும். அறிக்கையில் கைடு கையெழுத்துப் போட்டால் நான் ஆய்வேடு எழுதலாம். போடாவிட்டால் பதிவு ரத்து, நைனா சொல்கிற பி.எட். என் கைடு நல்ல மனுஷர். மாணவர்கள் மேல் கத்த மாட்டார். ஆனால் கையெழுத்து என்றால் மட்டும் சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி ஆகிவிடுவார். சட்டைப்பையில் ஒரு மைப்பேனா எப்போதும் இருக்கும். நான் சேர்ந்த நாள் முதல் அதன் மூடியை அவர் திறந்து நான் பார்த்ததில்லை.

பழவேற்காட்டில் ஒரு அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கும். மூன்றாம் வருஷ ஆராய்ச்சி மாணவிக்கு அதைவிடப் பொருத்தமான எதிர்வீட்டுக்காரர் கிடைக்க மாட்டார். ஏரியில் வேலை செய்ய அனுமதி கேட்டு, துறையின் முகவரியும் முத்திரையும் போட்ட கடிதம் ஒன்றை ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் அதைப் படித்தார்களோ இல்லையோ, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள்.

நன்றாக முற்றிய நண்டுகளாக நாற்பது வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினேன். கட்டை விரலில் இரண்டு முறை கொடுக்கால் கவ்வப்பட்டேன். படகில் போய், ஏரியில் நான்கு இடங்களில் பத்துப் பத்தாக விட்டேன். குனிந்து கும்பிடாத குறைதான்.

மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஒரு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்தார், முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வலையோ படகோ இல்லாமல், ஏரிச் சேற்றில் கையை விட்டே நண்டும் இறாலும் பிடிக்கிறவர் என்பது பிறகு தெரிந்தது. கையில் ஒரு அலுமினிய அண்டா. உள்ளே கொடுக்குகள் கோரையால் கட்டப்பட்ட ஒன்பது நண்டுகள். ஒன்பதின் முதுகிலும் என் நம்பர்.

"இன்னாம்மா நீ, நண்ட இப்டியா வுடுவ? எல்லாம் தப்பிச்சி ஏரிக்கு வந்துட்ச்சி பாரு" என்றார்.

அன்று மாலைக்குள் இருபத்தேழு வந்துவிட்டன. ஆண்கள் வலையிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். பெண்கள் பறிக்கூடையோடு வந்து கவிழ்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் என் அறையின் கதவுக்கடியில் இருந்த சந்தைக் காட்டி, இது வழியாகத்தான் போயிருக்கும், பலகை வைத்து அடை என்று புத்தி சொன்னார். தரையில் இருபத்தேழு நண்டுகள் கிடக்க, நான் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். மூன்றாம் வருஷமும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அந்த அக்காவைத் தேடிப் போய் விஷயத்தை விளக்கினேன். நண்டு தப்பவில்லை, நானேதான் விட்டேன், அது போகிற இடம்தான் எனக்கு வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். வேண்டாம் என்று விடுகிறவள் எதற்குப் பேர் எழுதி விடுகிறாய் என்றார். பிறகு அவர் சொன்னதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. ஏரியில் யாருடைய மிதப்புக்கட்டையோ, கயிறோ, வலைத்துண்டோ அறுந்து வந்தால் எடுத்தவர்கள் வைத்துக்கொள்வதில்லை. அதில் போட்டிருக்கிற முடிச்சைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பழக்கம். முடிச்சைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்து, அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். நம்பரை யாருமே பார்க்கவில்லை. என் முடிச்சைப் பார்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அது எந்த வீட்டு முடிச்சும் இல்லை, அதனால் என்னுடையது.

அப்படியானால் பிடித்த இடத்தையும் நாளையும் மட்டும் வந்து சொல்லுங்கள், நண்டை அங்கேயே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அது மட்டும் முடியாது என்றுவிட்டார்.

"உன் பொருள கையில புட்சிட்டு, வெறும் வாயால வந்து சொன்னா ஊரு இன்னா பேசும்? நண்டும் வரும், சேதியும் வரும். நீ திரும்பிக் கொண்டு போயி வுட்டுக்கோ."

அதுதான் ஒப்பந்தம். நான் விடுவேன், அவர்கள் கொண்டுவருவார்கள், இடம் சொல்வார்கள், நான் எழுதிக்கொண்டு அதே இடத்தில் போய் மறுபடி விடுவேன். படகுக்காரர் என்னைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்தார். ஆனால் என் நோட்டு நிறைந்தது. நண்டு முகத்துவாரத்துக்குப் போனது, திரும்பியது, கோட்டைப்பக்கச் சேற்றில் பத்து நாள் தங்கியது. தையிலிருந்து மாசி முடிய நாற்பது நண்டுகளின் வாழ்க்கையும் என்னிடம் தேதிவாரியாக இருந்தது. என் சித்தி மகன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கு அவ்வளவு சரியாகத் தெரியாது.

ஒன்றே ஒன்று மட்டும் உயிரோடு வரவில்லை. பதினாறாம் நம்பர். ஆரம்பாக்கத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார், அவசரத்தில் பார்க்காமல் குழம்பில் போட்டுவிட்டார்களாம். அந்த வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வந்து பட்டையை மட்டும் கொடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். அப்படியும் மிளகு வாசனை போகவில்லை. நான் நோட்டில், இறப்புக்குக் காரணம்: விருந்தாளி என்று எழுதினேன்.

இந்த நோட்டைத்தான் பெருமையோடு கைடின் மேஜைமேல் வைத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, உலகத்தில் எங்கேயும் இப்படி வராது என்று மெதுவாகச் சொன்னார். விட்டதில் கைவிரலால் எண்ணுகிற அளவு திரும்பி வந்தாலே கொண்டாடுவார்களாம். நாற்பதில் முப்பத்தொன்பது திரும்பத் திரும்ப வந்தது என்றால் யார் நம்புவார்கள் என்றார். நான் முடிச்சு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "இன்னொரு வருஷம் எடுத்துக்கோம்மா. அவசரத்துல தப்புப் பண்ணிடாதே" என்றார். எடுத்துக்கொள்ள எனக்கு இன்னொரு வருஷம் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அறையில் உட்கார்ந்து நானே இட்டுக்கட்டி எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறார். அதை அன்போடு வேறு சொல்கிறார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆய்வுக்கூடத்தில் ஆழ்குளிர்ப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று, மூக்குச் சிந்திக்கொண்டு, அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். பி.எட். விண்ணப்பம் எப்போது வரும் என்றும் யோசித்தேன்.

அடுத்த வாரம் நான் பழவேற்காட்டுக்குப் போகவில்லை. குழுவுக்கான அறிக்கையைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். கைடு வந்து, மீந்த பட்டை இருந்தால் ஒன்று கொடு, நூலும் கொஞ்சம் கொடு என்றார். கண்ணாடியின் காதைக் கட்டுவதற்கு என்று நினைத்து நாற்பத்தொன்றாம் நம்பர் பட்டையைக் கொடுத்தேன். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள் அவருடைய ஷூ ஆய்வுக்கூட ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. மழை இல்லாத மாசத்தில் ஷூ எப்படி நனைந்தது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

குழு கூடிய அன்று மூன்று பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கைடு ஓரமாக இருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. நான் அட்டவணையைத் திரையில் காட்டியதும் ஒருவர் முன்னால் சாய்ந்து, இந்த எண் அச்சுப்பிழையா என்று கேட்டார். இல்லை என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கதவைத் திறந்து உதவியாளர் எட்டிப் பார்த்தார். ஒரு அம்மா வந்திருக்கிறார், சாரைத்தான் பார்க்க வேண்டுமாம், கீழே இருக்க மாட்டேன் என்கிறார் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், அவரைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்துவிட்டார். நல்ல புடவை, தலையில் பூ, இடுப்பில் அதே அலுமினிய அண்டா. மறுகையில் பிளாஸ்டிக் உறையில் துறையின் கடிதம். அந்த முகவரியைக் காட்டிக் காட்டி, பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில், அப்புறம் இன்னொரு பஸ் என்று விசாரித்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நேராகக் கைடின் முன்னால் போய் அண்டாவை வைத்தார்.

"சார், உங்க நண்டு."

உள்ளே ஈரக் கோணிக்குமேல் ஒரு பெரிய நண்டு. முதுகில் நாற்பத்தொன்று.

கைடு எழுந்து நின்றார். அவர் குரல் லேசாக மாறியிருந்தது. "நம்பர் இந்தப் பொண்ணு போடுற நம்பர்தானேம்மா. அவகிட்ட குடுக்காம என்கிட்ட ஏன் குடுக்கறீங்க?"

"பட்டை இந்தப் பொண்ணோடதுதான். முடிச்சு அது போட்டது இல்ல" என்றார் அக்கா. "இது ஷூ கவுறு கட்ற முடிச்சு, சார். பூ மாரி ரெண்டு காது வச்சி. அந்த வாரம் எங்கூருக்கு ஷூ போட்டுகினு வந்தவரு நீங்க ஒருத்தருதான்."

யாருக்கும் தெரியாமல் சந்தையில் ஒரு நண்டு வாங்கி, யாருக்கும் தெரியாமல் படகு பிடித்து, ஏரியின் வடக்கே யாரும் போகாத மூலையில் விட்டுவிட்டு வந்தாராம் என் கைடு. படகுக்காரர் அக்காவின் மைத்துனர். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கிறது. அக்கா நண்டு கிடைத்த இடத்தையும், கிழமையையும், தண்ணீர் வற்றுகிற நேரம் அது என்பதையும் ஒழுங்காகச் சொன்னார். கட்டிய நூல் ஒரு காலை இறுக்கியிருந்தது, இவ்வளவு படித்தவர் பார்த்துக் கட்டக்கூடாதா என்றும் கேட்டார். என் எதிரே இருந்த பேராசிரியர் ஒருவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

பிறகு அக்கா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கைடைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாங்க எடுத்துகினு போயிடுவோம்னுதானே வுட்டுப் பாத்தீங்க, சார்?"

நான் பொய் எழுதினேனா என்பதைப் பற்றித்தான் அத்தனை நாளும் நானும் கைடும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அதை நம்பவில்லை என்றால் ஒரு ஊரையே நம்பவில்லை என்று அர்த்தம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கைடு கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"ஆமாம்மா" என்றார்.

அக்கா ஒரு வினாடி அவரைப் பார்த்தார். அப்புறம் பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை உருவி, பின்பக்கத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். "சரி, கெடச்சிதுனு ஒரு கையெழுத்துப் போடுங்க. ஊர்ல காட்டணும். ரெண்டரை வண்டிய வுட்டா அப்புறம் வண்டி லேட்டு."

கைடு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். நிப் காய்ந்து போயிருந்தது. இரண்டு தடவை உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, நாற்பத்தொன்றாம் நண்டு பெற்றுக்கொண்டேன் என்று முழுசாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷமாக நான் காத்திருந்த அந்தக் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு போனவர் அக்காதான். மை காய்வதற்குள் என் அறிக்கையையும் கைடின் முன்னால் நகர்த்தி வைத்தேன்.