மூன்று பாத்தி வயல்

ஊரில் அவளை "ஏன் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அதுதான்.

கணவன் இறந்தபின் அவன் பங்கு வயலைத் தனியாகவே செய்தாள். நாற்று விடுவதிலிருந்து நெல் தூற்றுவதுவரை எல்லாம் அவள் கைதான். ஆனால் முடிவெடுக்கும் உரிமை கணவனின் அண்ணனுக்கு என்று ஊர் தானாகவே தீர்ப்பெழுதியிருந்தது. பெண் களை எடுக்கலாம், கதிர் அறுக்கலாம். எந்த நெல்லைப் போடுவது என்று யோசித்தால் மட்டும் பூமி பிளந்துவிடும் போல!

அந்த அண்ணன் உரக்கடை வைத்திருந்தார்.

"குட்டை ரகம் போடும்மா. யூரியாவை அள்ளி வீசு. என் வயல் முழுக்க அதான். பயிர் கருகருன்னு நிக்கும்."

"ஏன் மாமா? உயர ரகம்னா சோறு ருசியா இருக்கும், மாட்டுக்கு வைக்கோலும் கிடைக்கும்."

"வாய் மட்டும் நல்லா விளையுது. ரெண்டு பேர் வயலும் ஒரே அளவுதானே? இந்தப் போகம் என்னைவிட விளைச்சல் குறைஞ்சா நிலத்தை என்கிட்ட விட்டுடு."

"சரி மாமா. குறையலேன்னா அப்புறம் இந்தப் பேச்சே கூடாது."

வயலுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு மூன்று சம பாத்தியாக்கினாள். முதல் பாத்தியில் அவள் ஆசைப்பட்ட உயர ரகம். இரண்டாவதில் அவர் சொன்ன குட்டை ரகம், அவர் சொன்ன அளவு யூரியா. மூன்றாவதில் அதே குட்டை ரகம், பாதி யூரியா.

உரக்கடைக்காரரின் மனைவி வரப்பில் நின்று சிரித்தாள். "என்னடி இது, வயலா, ஒட்டுப்போட்ட பாவாடையா?"

"மூணையும் ஓடவிட்டுப் பார்க்கிறேன் அக்கா."

"மூணாவது நோஞ்சான் மாதிரி வெளுத்துக் கிடக்கே!"

"நிறத்தை யாரு திங்கப் போறா?"

கரும்பச்சைதான் செழிப்பு என்று நம்பிய ஊர் அது. அந்த நம்பிக்கையில்தான் கடையே ஓடியது.

கதிர் முற்றும் நேரத்தில் காற்றோடு மழை கொட்டியது. விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தாள். அவள் ஆசை ஆசையாய் வளர்த்த உயர ரகம் தரையோடு தரையாகக் கிடந்தது. யூரியா மிஞ்சித் தண்டு வலுவிழந்ததால் இரண்டாம் பாத்தியும் சாய்ந்திருந்தது. உரக்கடைக்காரரின் வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. வெளுத்த பாத்தி மட்டும் தலைகுனிந்து, ஆனால் கால் ஊன்றி நின்றது.

ஒவ்வொரு பாத்தியையும் தனித்தனியே அடித்து, ஊர் பார்க்கக் களத்திலேயே எடை போட்டாள். மூன்றாம் பாத்தி மற்ற இரண்டையும் மிஞ்சியது. மூன்றையும் சேர்த்தால் உரக்கடைக்காரரின் விளைச்சலையும் தாண்டியது.

"ஜெயிச்சது யார் ரகம்? நான் சொன்னதுதானே!" என்றார் அவர்.

"ஆமா மாமா. நான் ஆசைப்பட்ட ரகம் தோத்துப்போச்சு, ஒத்துக்கறேன். உங்க உரக் கணக்கும் தோத்துப்போச்சு. அதை நீங்க சொல்லுங்க."

களமே சிரித்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். நிலத்தைப் பற்றி அதன்பின் வாயே திறக்கவில்லை.

தன் எண்ணம் தவறு என்று நாலு பேர் நடுவில் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். தீர்ப்பெழுதிய ஆண்பிள்ளைகள் ஒருவரிடமும் நான் அதைக் கண்டதில்லை.

அடுத்த போகத்தில் உரக்கடைக்காரரின் வயலில், சாலையிலிருந்து கண்ணுக்குப் படாத மூலையில், ஒரு சின்னப் பாத்தி வெளிர்பச்சையாய் நின்றது. அந்தப் பக்கமாய் வந்தவள் அதைப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் அவள் ஏன் என்று கேட்கவில்லை.