அம்பாசிடரும் ஆறு மா உளுந்தும்

நீடாமங்கலம் பக்கம் வீரையனைப் போல வாய் திறக்காத மனுஷனை நான் பார்த்ததில்லை. மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பேசாத ஆட்களால் எனக்கு ஒரு வரும்படியும் கிடையாது. ஆனாலும் அவரை எனக்குப் பிடிக்கும்.

சாரங்கபாணியின் ஆறு மா நிலத்தைப் பதினெட்டு வருஷமாக அவர்தான் குத்தகைக்கு உழுதார். நெல்லை அளந்து போடுவார், ரசீது கேட்க மாட்டார். குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் சாரங்கபாணி முந்திக்கொண்டார். 'வீரையன் என் கூலியாள், பயிர் வைப்பது நானே' என்று தாசில்தாருக்கு மனு கொடுத்தார். அதை எழுதியவன் நான்தான். வீரையனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நிலம் போனால் வேறு பிழைப்பும் இல்லை.

எழுபத்திரண்டு பங்குனியில் வீரையன் உளுந்துச் செடியைப் பிடுங்கி, எல்லாரையும் போலத் தார்ச்சாலையில் பரப்பியிருந்தார். பஸ்ஸும் லாரியும் ஏறினால் காய் தானே உடையும். சாரங்கபாணியின் அம்பாசிடரும் ஏறியது. பிரேக் போடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வண்டி வழுக்கிப் புளியமரத்தில் மோதி, வாய்க்காலில் மல்லாந்தது. அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். காரில் மிச்சமென்று எதுவும் இல்லை.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் மீரா உசேன் வந்து சுற்றிப் பார்த்தார். "இது தேறாதுங்க. முழு நஷ்டம்னு எழுதிடலாம். ரோட்டுல கெடந்த உளுந்து யாருது?"

"நம்மளுதுதான்" என்று சாரங்கபாணி பெருமையாகச் சொன்னார்.

"அப்ப கம்பெனி குடுக்காதுங்க. நீங்களே பரப்பி நீங்களே ஏத்தியிருக்கீங்க."

சாரங்கபாணிக்கு முகம் செத்துவிட்டது. "காத்துல வந்து கெடந்திருக்கும்."

"ஆறு மா உளுந்துமாங்க?"

என்னையும் வீரையனையும் மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார் சாரங்கபாணி. "வீரையா, உன்னுதுன்னு சொல்லிடு. போலீசு அபராதம் போட்டா நான் கட்டுறேன்."

"சொல்றேங்க" என்றார் வீரையன். "கூலியாளுக்கு ஏது உளுந்துன்னு கேப்பாங்களே. குத்தகைன்னு எழுதிட்டா சரியா இருக்கும். எனக்கும் ஒரு நகல் குடுங்க, போலீசு வந்தா காட்டணும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எழுதுய்யா" என்று சாரங்கபாணி என்னை விரட்டினார். "மெட்ராசுக்குப் போற காகிதம். தாசில்தாரா படிக்கப் போறாரு?"

'உளுந்து என் குத்தகைக்காரர் வீரையனுடையது' என்று கார்பன் தாள் வைத்து எழுதினேன். சாரங்கபாணி இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் இருந்தால் போதும் என்று சர்வேயர் அசலை வாங்கிக்கொண்டார்; நகல் வீரையன் மடிக்குப் போனது. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நகலிலும் தெளிவாக விழட்டும் என்று அழுத்தியே எழுதியிருந்தேன்.

சாரங்கபாணியின் மனு ஆடியில் விசாரணைக்கு வந்தது. வீரையன் கொடுத்த நகலைத் தாசில்தார் சாரங்கபாணியிடம் நீட்டினார். "உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்க. ஆனா அது காருக்குப் போட்டதுங்க."

"இது பொய்னா சொல்லுங்க. கம்பெனிக்கு எழுதி, குடுத்ததத் திருப்பி வாங்கிக்கச் சொல்றேன்."

சாரங்கபாணி ஜன்னல் வழியே வெளியில் நின்ற புது வண்டியைப் பார்த்தார். தாசில்தார் பதிவேட்டைத் திறந்தார்.

வெளியே வந்ததும் வீரையன் பதிவு நகலை என்னிடம் கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. 'குத்தகைதாரர்: வீரையன்' என்று படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு மடியை அவிழ்த்துக் கூலி எடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்றேன்.

"என்னக் கூலியாள்னு எழுதுனதும் நீங்கதான்னு தெரியுங்க" என்றார், கோபமே இல்லாமல். "இத இன்னும் ஒரு தரம் படிங்க."