கொரியச் சாடி முன் ஒரு விரிவுரை

ரயிலுக்கு நேரம் இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகர அருங்காட்சியகத்தில் பழைய கொரியச் சாடி ஒன்றின் முன் நிற்கிறேன். காவலர் யாழ்ப்பாணத்துக்காரர், மாட்டிக்கொண்டார். பௌத்தர்கள் உடலை எரித்து, எலும்பைப் பொறுக்கி, பூ அச்சுப் பதித்த இந்தச் சாடியில் இட்டுப் புதைத்ததை மூச்சுவிடாமல் விளக்குகிறேன்.

"சாம்பலை வீட்டுக்காரரிட்டக் குடுத்தவையோ, தம்பி?"

நான் படித்த இரண்டு புத்தகங்களிலும் அது இல்லை.

"இஞ்ச குடுக்கமாட்டினம். சுடலையில மண்ணுக்குள்ளதான் தாக்கோணுமாம். என்ர மனுசி சாகேக்க, ஊர்க் கடலிலை கரைக்கச் சொன்னவ. வெள்ளிக்கிழமை தாக்கப்போறாங்கள். டொச்சிலை ஒரு விண்ணப்பம் எழுதித் தாறியளோ?"

குறிப்பேட்டில் சாடியின் உயரமும் அகலமும் இருக்கின்றன. பக்கத்தைப் புரட்டி ஜெர்மனில் எழுதுகிறேன். முதல் வரியிலேயே கொரியா வந்துவிடுகிறது. அடித்துவிட்டுக் கேட்கிறேன்:

"அவங்க பேர் என்ன, அண்ணே?"