மாப்பிள்ளையின் சட்டைக்கை

என் தங்கச்சி வீட்டுக்காரரைத் தெருவில் 'மலை' என்றுதான் சொல்வார்கள். ஜிம் நடத்துகிறார். வாசலில் அவர் படம்தான், புஜத்தை முறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அதைப் பார்த்துத்தான் பையன்கள் சேருவார்கள். நான் தையல்காரன். அவர் சட்டைக்கையைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கியே என் கண் மங்கியது.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. மாத்திரை விழுங்கியது, ஸ்கேனுக்குப் படுத்தது எல்லாம் தங்கச்சிதான். மலையைச் சோதிக்க எவனுக்குத் தோன்றும்?

ஒருநாள் அவர் அம்மா என் கடைக்கே வந்துவிட்டாள். "இன்னும் ஒரு வருஷம் பாப்பேன். அப்புறம் எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துருவேன். இந்த உடம்புக்கு வாரிசு வேணாமா?"

"தாராளமா பாருங்க அத்தை. அதுக்கு முன்னாடி மாப்ளைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. புதுச் சம்பந்தி கேப்பாங்கல்ல?"

அம்மா போய்ச் சொன்ன ரோஷத்தில்தான் மாப்பிள்ளை டெஸ்டுக்குப் போனார். விந்தணு ரொம்பக் குறைவு என்று வந்தது. மனுஷன் அசரவில்லை. உடம்பு ஏற்ற வாரம் ஒன்று போட்டுவந்த ஆண் ஹார்மோன் ஊசியை, யாரையும் கேட்காமல் இரண்டாக்கினார்.

"கொறஞ்சா கூட்டி ஊத்தணும், அவ்வளவுதானே மச்சான்?"

அடுத்த டெஸ்டில் ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா துருவிக் கேட்ட பிறகுதான் ஊசி விஷயம் வெளியே வந்தது.

"வெளியிலேர்ந்து வந்து கொட்டுதேன்னு உடம்பு உள்ள கடைய மூடிருச்சுங்க. ஊசிய நிறுத்துங்க, நான் சொல்றபடி மருந்து எடுங்க. திரும்பத் தொறக்க மாசக்கணக்காகும்."

"கை எளைச்சிருமே டாக்டர்?"

"எளைக்கும்."

வீட்டுக்கு வந்து, பொழப்பு போயிடுமே என்று புலம்பினார். தங்கச்சி வாயைத் திறந்தாள். "நான் இத்தனை மாத்திரை முழுங்கினேனே, என் ஒடம்பு என்னாகும்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

மலை அன்றோடு ஊசியை விட்டது.

போன வாரம், தொளதொளத்த சட்டைக்கைகளைப் பிடித்துச் சின்னதாக்கக் கொண்டுவந்தார். பின்னாலேயே அவர் அம்மா. "பாத்தியாப்பா எம்புள்ளைய! உன் தங்கச்சி சோறு போடற லட்சணம்!"

அளவுக்குக் கையைத் தூக்கி நின்றவர் சுவரைப் பார்த்தே சொன்னார். "சோத்துல கொறையில்லம்மா. கொறை எங்கிட்ட. இப்பதான் கொஞ்சம் ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. ஏறாட்டியும் வேற பொண்ணு பேச்ச விட்டுரு."

அந்தம்மா என்னை முறைத்தாள், நான்தான் கத்தரியை வைத்து அவர் கையைக் குறைத்தவன் போல. அவள் போனதும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"துணிய வெட்டிராதீங்க மச்சான். உள்ள மடிச்சே தைங்க."