பாறை மேல் டேனியல்

நாளெல்லாம் ஸ்டெல்லா அக்கா அதிகம் சொல்வது ஒரே வார்த்தைதான். தமிழர் வந்தால் “ஆடாதீங்க”, தெலுங்கர் வந்தால் “கதலொத்து”, பர்தா போட்ட அம்மாக்கள் கைக்குழந்தையோடு வந்தால் “ஹிலோ நக்கோ பேட்டா.” மாரெட்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருடைய ஸ்டுடியோ. பாஸ்போர்ட், விசா, வேலைக்கான படங்கள். அமீர்பேட்டில் கோர்ஸ் முடித்துவிட்டு, தோளில் பையோடு வியர்த்தபடி வரும் பையன்களுக்குக் கம்ப்யூட்டரிலேயே கோட்டும் டையும் மாட்டி அனுப்பிவிடுவார். பருவை எடுப்பார், காதோர நரையைக் கறுப்பாக்குவார். எங்கே ஒட்டினார் என்று நகத்தால் கீறிப் பார்த்தாலும் தெரியாது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். படிக்கட்டுச் சுவர் முழுக்க அருவிகள். எல்லாம் அக்கா எடுத்தவை. மேகம் மூடிய நாளாகப் பார்த்துப் போய், லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தி, நாலைந்து நொடிக்குக் காமிராவின் கண்ணைத் திறந்தே வைப்பார். அதற்குள் விழுகிற தண்ணீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, உலர்த்தப் போட்ட வெள்ளைப் பட்டுத்துணி போல இறங்கும். ஓடுவது கரைந்துவிடும். அசையாதது மட்டும் அப்படியே நிற்கும்.

அந்த அசையாதது அவருடைய கணவர் டேனியல். லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாப் படத்திலும் ஏதோ ஒரு பாறையில், முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஆள் ஒருத்தர் இல்லாவிட்டால் அருவி எவ்வளவு உயரம் என்று யாருக்குத் தெரியும் என்பது அக்காவின் கட்சி. அவர் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒருமுறை தொப்பிமேல் காக்கை வந்து உட்கார்ந்ததாம், அப்போதும் அசையவில்லையாம். “காக்கா ஆடிச்சு. இவர் ஆடல” என்பார் அக்கா.

போன வருஷம் டேனியலின் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. பிறகு இடதும், லேசாகத் தலையும். சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான் அதிகம். நரம்பு டாக்டர் பார்கின்சன் என்றார், மாத்திரை கொடுத்தார். அந்த மழைக்காலத்தில் குந்தாலா அருவிக்குப் போய் வந்தார்கள். வந்தபின் படத்தைப் பற்றி அக்கா வாயே திறக்கவில்லை.

கல்யாண நாளன்று என்னையும் கேக் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஹாலில் புதிதாக ஒரு பெரிய ஃபிரேம் மாட்டியிருந்தது. குந்தாலா பட்டுப் பட்டாக இறங்க, பாறை மேல் டேனியல், கல்லில் செதுக்கியது போல. டேனியல் கேக் தட்டோடு அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தட்டில் ஸ்பூன் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“நல்லா கீறேன் இல்ல?” என்றார். அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறை செகந்திராபாத் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை.

“நல்லா இருக்கீங்க” என்றார் அக்கா, கேக்கை வெட்டிக்கொண்டே.

“ஷூ கூட நல்லா கீது.”

அக்காவின் கத்தி நின்றது.

“அன்னிக்கி எனக்கு லேஸ் கட்ட வரல ஸ்டெல்லா. நீதான் செருப்ப மாட்டி உட்ட. செருப்புதான் போட்டுனு வந்தேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. “பழைய படத்துலேர்ந்து இவன வெட்டி ஒட்டினியா? வேலைக்குப் போற பசங்களுக்குக் கோட்டு மாட்ற மாதிரி?”

“படம் ஷேக் ஆயிடுச்சுங்க. அதான்…”

“படமா, நானா?”

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“பரவால்ல. இவன் நல்லா கீறான். இவனையே வெச்சுக்கோ.” தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அருவி என்ற பேச்சே அவரிடம் எடுக்க முடியவில்லை. எடுத்தால் “நக்கோ”, வேண்டாம், அவ்வளவுதான். அக்கா அந்த ஃபிரேமைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. இந்த ஜூலையில் மழை பிடித்ததும் காமிராப் பையைத் திறந்து கறுப்புக் கண்ணாடியைத் துடைப்பார், மூடி வைப்பார். “அவர் இல்லாம எடுத்தா அது வெறும் தண்ணிப்பா” என்றார் ஒருநாள் என்னிடம்.

போனாலு அம்மன் திருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை கடை விடுமுறை. என் காரில் மல்லெல தீர்த்தம் அருவிக்குப் போவதென்று முடிவானது. காலையில் அக்கா டிபன் கேரியரை டேனியலின் கையில் திணித்தார்.

“படத்துக்கு ஒண்ணும் கூப்பிடல. இத தூக்க ஆள் இல்ல.”

“நான் எதுக்கு? இந்தத் தம்பி இல்ல?”

“தம்பி வண்டி ஓட்டுது. சாம்பார் உங்க மடியில வரட்டும்.”

ஸ்ரீசைலம் சாலையில் காடு தொடங்கும்வரை கேரியர் அவர் மடியில் கிணுகிணுவென்று பேசிக்கொண்டே வந்தது.

அருவிக்கு நிறையப் படி இறங்க வேண்டும். டேனியல் மேலேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க போங்க. நான் இங்கியே கீறேன்.”

கீழே பள்ளத்தில் பாசிப் பாறைகளின் மேல் தண்ணீர் பல இழைகளாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா ட்ரைபாடை ஊன்றினார், கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தினார், நடுவில் தட்டையான ஒரு பாறையைப் பார்த்து ஃபோகஸ் வைத்தார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. செல்ஃபி எடுக்க வந்த கூட்டம் வந்தது, போனது. சாரல் லென்ஸில் படியப் படியத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்கவும் தேவையிருக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம். கம்பியைப் பிடித்துப் பிடித்து டேனியல் இறங்கி வந்தார்.

“இன்னா பண்ற இவ்ளோ நேரம்? பசி உயிர் போவுது.”

“ஆள் வரல.”

“எந்த ஆளு? ஷூ போட்ட ஆளா?”

“அவன டிலீட் பண்ணிட்டேன்.”

டேனியலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். “அய்யய்யோ. நல்லா இருந்தானே.”

“இருந்தான். ஆனா என்னாண்ட பேச மாட்டான். பசிக்குதுன்னு படியெறங்கி வர மாட்டான்.”

அவர் அருவியைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். “உக்காந்தா ஆடுவேன் ஸ்டெல்லா. என் கையில இல்ல.”

“ஆடுங்க.”

அந்த வார்த்தையை அக்கா வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

“இத்தினி வருஷமா தண்ணிய ஆடாதன்னா சொன்னேன்?” என்றார் அக்கா, காமிராவைப் பார்த்தபடி. “போங்க. வழுக்கும், பாத்து.”

அவர் போய் உட்கார்ந்து, பழக்கப்படி கைகளை முழங்காலில் வைத்தார். கைகள் உடனே தொடங்கிவிட்டன. ஒன்றை இன்னொன்றால் அழுத்திப் பிடித்தார். பிறகு அக்காவைப் பார்த்தார், விட்டுவிட்டார். அக்கா பொத்தானை அழுத்தினார். நாலைந்து நொடி.

“முடிஞ்சுதா? காட்டு.”

திரையில் பாறை கூர்மையாக இருந்தது. செருப்பு வார் வரை தெளிவு. முழங்கால்களுக்கு மேல் இரண்டு புகைக் கொத்துகள், அருவியைப் போலவே கரைந்து. முகத்தில் ஒரு சிரிப்பு இரண்டு இடத்தில் இருந்தது.

“மூஞ்சி சரியா விழல” என்றார் டேனியல்.

“விழல.”

“டச்சப் பண்ணுவியா?”

“மாட்டேன்.”

அவர் இன்னொரு தடவை பார்த்தார். “சரி, சோறு போடு.”

அந்தப் படம் வீட்டு ஆணிக்குப் போகவில்லை. ஸ்டுடியோவில், பாஸ்போர்ட் மாதிரிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார் அக்கா. போன வாரம் நான் போனபோது ஒரு பையன் கோட்டுக்காகக் காத்திருந்தான்.

“ஆண்ட்டீ, ஈ ஃபோட்டோ ஷேக் அயிந்தி கதா?” என்றான் சுவரைப் பார்த்து. படம் ஆடிப்போயிருக்கே என்கிறான்.

அக்கா கம்ப்யூட்டரிலிருந்து தலை தூக்குவதற்குள் மூலை நாற்காலியிலிருந்து டேனியல் எழுந்து வந்தார். ஆடும் விரலைப் படத்தின் கண்ணாடிமேல் வைத்து, தெலுங்கிலேயே சொன்னார், செருப்பைப் பாரு தம்பி, என்னோடதுதான் என்று. குனிந்து காலையும் காட்டினார்.