அடையாறு ஜமீன் தோட்டத்துக்கு ஒரு தூக்குக் கூழ்

ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மாவை அடையாற்றுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு ஜமீன் தோட்டத்தில்தான் அவள் பிறந்தாள். பண்ணை வேலை பார்த்த தாத்தா வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அம்மனாகக் கும்பிட்டிருக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் அந்த அம்மனுக்கு ஒரு தடவை கூழ் வைத்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம்.

நங்கநல்லூரிலிருந்து காலை 6.20க்கு ஆட்டோ. ஒன்பது கிலோமீட்டர், 240 ரூபாய். அம்மா கூழ்த் தூக்கை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

பழைய பங்களாவில் ஏழு மணிக்கு வரலாற்றுச் சுற்று, தலைக்கு 300 ரூபாய். வழிகாட்டிய பெண் நன்றாகத்தான் பேசினார். ஜமீன்தார் எழுபது ஏக்கரில் நெல் போட்டார், மாந்தோப்பு வைத்தார், கிணறு வெட்டினார். அடேயப்பா, ஒரே மனுஷன்! சேற்றில் இறங்கியவர்களில் ஒருத்தர் பேரும் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண் சொல்லாததை அம்மா சொன்னாள். நிலத்தை மனை போட்டபோது, பண்ணையாட்களுக்கு அவரவர் குடிசை இடத்தை எழுதித் தருவதாக ஜமீன்தாரே சொன்னாராம். தாத்தா வேண்டாம் என்றுவிட்டார். உப்பைத் தின்றுவிட்டுப் பத்திரம் வாங்கினால் ஐயாவைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகுமாம். மற்ற பதினோரு குடும்பமும் அவர் பேச்சைக் கேட்டது. ஐயா செத்த மறுவருஷம் மகன்கள் எல்லாரையும் கிளப்பிவிட்டார்கள். தாத்தாவின் அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த அம்மன் இருப்பது பங்களாவுக்குப் பின்னால், அடுக்குமாடிக் குடியிருப்புக்குள். சுற்று அங்கே போகாது. 8.15க்கு நாங்களே கேட்டுக்குப் போனோம்.

"யார் வூட்டுக்கும்மா? ஃபிளாட் நம்பர் சொல்லு" என்றார் செக்யூரிட்டி.

"வேப்பமரத்தாண்ட கீற அம்மனுக்கு நைனா. எங்கப்பா நட்ட கல்லு."

"இங்க கீறவங்க யாராவது சொன்னாத்தான் வுட முடியும். இல்லாங்காட்டி என் வேலை பூடும்."

மோசமான ஆள் இல்லை. அம்மாவுக்கு நாற்காலி போட்டார், குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தும் பார்த்தார். பதினோரு மணிக்கு அவர்களே கேட்டரிங் வைத்துக் கூழ் ஊற்றுகிறார்களாம். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம்.

அம்மா தூக்கைத் திறந்து செக்யூரிட்டியிடம் நீட்டி, "நீயாவது குடி நைனா" என்றாள். அவர் நின்றபடியே குடித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: சுற்றுக்கு முன்பதிவு அவசியம். தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒன்பதுக்குள் முடித்தால் வெயில் தெரியாது. அம்மனையும் பார்க்க வேண்டுமென்றால், உள்ளே வீடு வாங்கியவர் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது.